ரசனைக்கும் வழக்கு உண்டு

ஆண்டு முடியும் தறுவாயில், அவ்வாண்டு வெளிவந்த ராக் ஆல்பங்களுள் சிறந்தது எது என்ற கேள்வி எழுந்ததும், இசை அறிந்தவர் அறியாதவர் என்ற வேறுபாடின்றிப் பெரும்பாலோர் தரும் மறுமொழி ஒன்றே: ரசனை அவரவர் சொந்த விஷயம், அதில் வாதத்துக்கு இடமில்லை, எனவே தேர்வு என்பது வெறும் பொழுதுபோக்கு. நீலகிரியில் இக்கருத்துக்கு இன்னொரு கிளையும் உண்டு. ராக் இசை உறைவிடப் பள்ளிகளும் தோட்டத் துரைகளின் கிளப்புகளும் விட்டுச்சென்ற மிச்சம் என்றும், மலையின் பூர்வகுடிகளுக்கும் தோட்ட லயன்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அதில் தீர்ப்புச் சொல்லும் தேவையோ தகுதியோ கிடையாது என்றும் அது கூறும். முதற்கருத்து பணிவைப் போலவும், இரண்டாவது மண்பற்றைப் போலவும் தோற்றம் தருவதால்தான் இரண்டும் எதிர்ப்பின்றி நிலைத்துவிட்டன. இரண்டும் தவறு, இரண்டாவதில் தவறோடு அவமதிப்பும் கலந்திருக்கிறது.

முதலில் கேள்வியில் உள்ள சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். ராக் என்பது 1950களின் அமெரிக்காவில், கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்தும் வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்தும் கிளைத்து, மின்கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றை முதுகெலும்பாகக் கொண்டு வளர்ந்த இசை. ஆல்பம் என்ற பெயர் அதைவிடப் பழையது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசையே அடங்கியதால், நீண்ட இசைக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தன. அவற்றை உறைகளில் இட்டு, புகைப்பட ஆல்பம் போலத் தைத்து விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் நெடுந்தட்டை வெளியிட்ட பிறகு, தைத்த புத்தகம் மறைந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது. 'ஆண்டு' என்பதாவது எளிய சொல்லாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அதுவும் இல்லை. ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 'இன் ரெயின்போஸ்' ஆல்பம், கேட்பவர் தாம் விரும்பிய விலையைக் கொடுத்து இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் முறையில் 2007 அக்டோபர் 10 அன்று வெளியாகி, அமெரிக்கக் கடைகளுக்குக் குறுந்தட்டாக 2008 ஜனவரி 1 அன்று வந்து, 2009இல் வழங்கப்பட்ட கிராமி விருதைப் பெற்றது. அது எந்த ஆண்டின் ஆல்பம்? தேர்வில் இறங்கும் ஒருவர், தம் மனத்துக்குப் பிடித்தது எது என்று கேட்டுக்கொள்வதற்கு முன்பே, எது ராக், எது ஆல்பம், எது ஆண்டு என்ற மூன்று முடிவுகளை எடுத்துவிடுகிறார். மூன்றுக்கும் காரணம் கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

ரசனையில் வாதமில்லை என்ற பேச்சை வேறெங்கும் பேசலாம். குன்னூரில் நின்றுகொண்டு பேசுவதுதான் விந்தை. 1963 முதல் அவ்வூரில் தேயிலை ஏலம் நடந்துவருகிறது, அந்த ஏலமோ முழுக்க முழுக்க நாக்கின் தீர்ப்பின்மீது நிற்கிறது. சுவை பார்க்கும் அறையின் நீண்ட மேசையில் வெண்பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குரிய உலர்தூளும், வெந்து வடிந்த இலைச் சக்கையும் வைக்கப்பட்டிருக்கும். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவுத் தூள், ஒரே அளவுக் கொதிநீர், ஒரே நேரம். சர்வதேசத் தரநிலை 3103 என்ற 1980ஆம் ஆண்டு ஆவணம் 100 மில்லி நீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம் என்றே வகுத்திருக்கிறது. சுவைஞர் கரண்டியால் சாயத்தை அள்ளி, வீட்டில் செய்தால் பெரியவர்கள் அதட்டக்கூடிய பேரோசையுடன் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, நாக்கின் எல்லாப் பகுதியிலும் படரவிட்டு, துப்புகலத்தில் உமிழ்ந்துவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர்கிறார். சாயத்தின் நிறம், அடர்த்தி, துவர்ப்பு, சுறுசுறுப்பு, மணம், சக்கையின் பொலிவு என ஒவ்வொன்றுக்கும் அத்தொழிலில் தனிச்சொல் உண்டு. 'எனக்குப் பிடித்தது' என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே விலை கிடையாது. அந்தத் தீர்ப்புகளின் வழியே ஏலத்தின் சராசரி விலை அமைகிறது. அந்தச் சராசரியைக் கணக்கில் கொண்டே மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு விலை குறிக்கப்படுகிறது. ரசனை அவரவர் விருப்பம் என்பதைக் கோத்தகிரியில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியிடம் போய்ச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. சுவைஞர் ஒப்பிடுவது ஓரினப் பண்டங்களையே: இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. தூளைச் சி.டி.சி. தூளோடும், இலையை உருட்டிப் பக்குவப்படுத்தும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை அதன் இனத்தோடும்தான் அவர் வைத்துப் பார்க்கிறார். ஆல்பங்களோ ஒன்றுக்கொன்று இனம் மாறியவை. மேலும், ஏலப் பட்டியலில் தோட்டத்தின் பெயரும், அதாவது தொழிலில் 'மார்க்' என்று சொல்லப்படுவதும், அச்சிடப்பட்டிருப்பதால் பழம்பெருமை விலையைத் தூக்கிவிடுவதும் உண்டு. இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால், இவை தீர்ப்பு எளிதன்று என்பதைக் காட்டுகின்றனவேயன்றி, தீர்ப்பே இல்லை என்பதைக் காட்டவில்லை. மார்க்கின் பெருமைக்கு மயங்கிய சுவைஞரைத் தொழிலில் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதே அளவுகோல் ஒன்று இருப்பதற்குச் சான்று. 1893இல் தொடங்கப்பட்டு, இன்று குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் உபாசி என்ற தோட்ட அதிபர்கள் சங்கம், தேயிலை வாரியத்துடன் சேர்ந்து 2005 முதல் 'கோல்டன் லீஃப்' என்ற பெயரில் தென்னிந்தியத் தேயிலைக்குப் போட்டி நடத்தி, சிறந்தவற்றை வகைவாரியாகப் பிரித்துத் தேர்ந்து வருவதும் இந்த இனச்சிக்கலை அறிந்துதான். சிக்கல் வந்தால் வகையைத் திருத்தினார்களே தவிர, போட்டியைக் கைவிடவில்லை.

இசையிலும் இத்தகைய அளவுக் கோப்பையைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் 1971இல் தொடங்கிய 'பாஸ் அண்ட் ஜாப்' என்ற ஆண்டு வாக்கெடுப்பில், ஒவ்வொரு விமர்சகரும் பத்து ஆல்பங்களைத் தேர்ந்து அவற்றுக்கிடையே 100 புள்ளிகளைப் பகிர வேண்டியிருந்தது. எந்த ஆல்பத்துக்கும் 30க்கு மேலோ 5க்குக் கீழோ கொடுக்கக் கூடாது என்பது விதி. சிறிய விதிதான். ஆனால் 'எல்லாமே நன்று' என்று கைகழுவிவிட அது இடந்தரவில்லை. ஒன்றுக்குக் கூடுதலாக ஒரு புள்ளி கொடுக்க வேண்டுமானால் இன்னொன்றிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது, பிடுங்கியதற்கு மனத்துக்குள்ளாவது காரணம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

தனிச்சுவைக் கொள்கையை அடியோடு கவிழ்க்கும் நிகழ்ச்சி 1989 பிப்ரவரியில் நடந்தது. கிராமி விருதுகளில் வன்ராக் மற்றும் மெட்டல் இசைக்கென்று முதன்முறையாக ஏற்படுத்தப்பட்ட விருது, அவ்வகையின் உச்சத்தில் இருந்த மெட்டாலிகா குழுவுக்கே போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, புல்லாங்குழலை முன்னிறுத்தி வாசிக்கும் ஜெத்ரோ டல் குழுவுக்குப் போயிற்று. அரங்கிலேயே ஏளன ஒலி எழுந்தது. மறு ஆண்டே வன்ராக்குக்கும் மெட்டலுக்கும் விருது தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. ஜெத்ரோ டல் மட்டமான குழு அன்று. ஆயினும் அந்தத் தேர்வு பிழை என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு அரிது. தேர்வு வெறும் சொந்த விருப்பம் என்றால், வாக்களித்தவர்களின் விருப்பம் அதுவாக இருந்தது என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். பிழை என்ற சொல்லுக்கே பொருள் இருந்திராது. பிழை என்று ஒன்றைச் சுட்ட முடியுமானால், சரி என்று ஒன்று இருந்தாக வேண்டும். தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று. ரசனை அவரவர் சொத்தென்று பாண்டியன் சங்கத்தார் கருதியிருந்தால், தருமி பொற்கிழியை வாங்கிக்கொண்டு பேசாமல் வீடுபோய்ச் சேர்ந்திருப்பான். திருவிளையாடலில் ஒரு படலமும் குறைந்திருக்கும்.

தீர்ப்பைத் தவிர்ப்பவர்கள் இறுதியில் எண்ணிக்கையிடம் சரணடைவதைக் காணலாம்: எது அதிகம் கேட்கப்பட்டதோ அதுவே சிறந்தது, எண்ணுக்கு ஓரவஞ்சனை இல்லை என்பது அவர்கள் வாதம். 2014 டிசம்பர் முதல் அமெரிக்காவின் 'பில்போர்டு' பட்டியல், ஓர் ஆல்பத்தின் பாடல்கள் இணையத்தில் 1,500 முறை ஓடினால் அதை ஓர் ஆல்ப விற்பனைக்குச் சமமாக எண்ணத் தொடங்கியது. ஏன் 1,500, ஏன் 500 இல்லை? யாரோ அமர்ந்து முடிவு செய்தார்கள். ஒரே பாட்டை 1,500 முறை ஓடவிட்டவரும், முழு ஆல்பத்தை விலைக்கு வாங்கி இரவெல்லாம் கேட்டவரும் அங்கே ஒரு கணக்கில் அடங்கிவிட்டார்கள். அதுவும் ஒரு தீர்ப்பே, யார் தீர்ப்பு என்று சொல்லாத தீர்ப்பு.

இனி இரண்டாவது கிளை. இன்று லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது உண்மை. மலையில் மேற்கத்திய இசைக்கருவிகள் முதலில் ஒலித்த இடங்கள் தேவாலயங்களும் பள்ளிகளும் கிளப்புகளுமே என்பதும் பொய்யன்று. ஆனால் ஓர் இசை எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதைக்கொண்டு அது யாருடையது என்று முடிவுகட்டினால், தேயிலையும் நீலகிரிக்கு உரியதாகாது. அதுவும் துரைமார் கொண்டுவந்ததுதான். ஷில்லாங்கும் ஆங்கிலேயர் கட்டிய மலைநகரம், அங்கும் மிஷன் பள்ளிகள்தாம்; 1972 முதல் ஆண்டுதோறும் பாப் டிலனின் பிறந்தநாளை இசைவிழாவாகக் கொண்டாடிவரும் ராக் பாடகர் லூ மஜாவின் ஊரை எவரும் ஆங்கிலேய மிச்சம் என்று சொல்லத் துணிவதில்லை.

மலைமக்களுக்கு இசைத்தேர்வு பழக்கமில்லை என்ற எண்ணத்தை நீலகிரியின் வரலாறே மறுக்கிறது. கொள் என்ற குழலும் தபட்க் என்ற பறையும் கொம்பும் கொண்ட கோத்தர்களின் இசை, தலைமுறை தலைமுறையாகத் தோடர், படகர் இறப்புச் சடங்குகளிலும் ஒலித்துவந்தது. அதற்கு ஈடாகப் படகர்கள் தானியம் அளந்தார்கள். 1930களையொட்டி, கோத்தர் இசை தங்கள் தகுதிக்கு ஒவ்வாதது என்று படகர்களில் சீர்திருத்தம் நாடிய ஒரு பிரிவினர் அதை விலக்க, பழைய முறையை விடமாட்டோம் என்று மற்றொரு பிரிவினர் நிற்க, ஊர்கள் இரண்டுபட்டன. 1937-38 காலப்பகுதியில் கோத்தரிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இப்பிளவை எழுதிவைத்திருக்கிறார். எந்த இசையை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்காக ஊரே கட்சி பிரிந்த ஒரு மலையில் ரசனை தனியார் சொத்து என்று சொல்வது, அம்மலையின் வரலாற்றை அறியாதவர் பேச்சு. அந்தத் தேர்வு சரியா என்பது வேறு வழக்கு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் கோத்தர்கள்.

தோட்ட லயன்களுக்கும் மின்கிட்டாருக்கும் தொடர்பில்லை என்பதும் ஆராயாமல் சொன்னதே. 1958இல் மூணாறை உள்ளடக்கிய தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தேயிலைத் தொழிலாளரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர் பாவலர் வரதராசன். அவர் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடி வளர்ந்து, பின்னர் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்விலும் தேறிய தம்பிதான் இளையராஜா. 'மூடுபனி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படங்களின் கிட்டார்ப் பாடல்களைக் கேட்ட காதுகளுக்குக் கிட்டாரை எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் விட்டுவந்த இலங்கையிலோ, 1970களிலேயே, திரைப்படத்தின் துணையின்றிக் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டு தமிழில் பாடிய பொப்பிசை ஓங்கியிருந்தது. 'சுராங்கனி' புகழ் ஏ.ஈ. மனோகரனை அறியாத தமிழர் அன்று குறைவு.

தீர்ப்புக்குக் காரணம் வேண்டும் என்றதும், அப்படியானால் பயிற்சி பெற்றவர்களிடமே தீர்ப்பை விட்டுவிடலாம் என்ற முடிவுக்குச் சிலர் தாவுவர். நீலகிரியின் எல்லையை ஒட்டிய அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் இனப் பாடகி நஞ்சியம்மாவுக்கு, 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் இருளர் மொழியில் பாடிய பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்டபோது, முறையான பயிற்சியில்லாதவருக்கு இவ்விருது தகுமா என்று இசைத்துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பு பாட்டில் குறை எதையும் சுட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாடியவர் எங்கே படித்தார் என்பதையே கேட்டது. இது கோப்பையை விட்டுவிட்டு மார்க்கைப் பார்த்து விலை சொல்லும் சுவைஞரின் வேலை. காரணம் என்பது கேட்ட ஒலியிலிருந்து எடுத்த காரணமாக இருக்க வேண்டும், அது நிபுணருக்கும் பொருந்தும்.

அப்படிப்பட்ட காரணம் எவ்வாறு இருக்கும் என்பதை ஒரு வழக்கில் காட்டலாம். 2007ஆம் ஆண்டின் சிறந்த ஆல்பமாக அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., வெளியிட்ட 'கலா'வைத் தேர்ந்தது. முந்தைய ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரை வைத்தவர், இதற்குத் தாயின் பெயரை வைத்தார். அவர் இலங்கை மலையகத்தவர் அல்லர், யாழ்ப்பாணத்து வேர் உடையவர். எனவே இத்தேர்வை நீலகிரியில் ஆதரிப்பதற்கு ஊர்ப்பாசம் காரணமாக முடியாது. தேர்வை மறுப்பவர்கள் சொல்வது, அது ராக் இல்லை, நடன இசையும் ராப்பும் கலந்த கலவை, அவ்வாண்டின் உண்மையான ராக் ஆல்பம் 'இன் ரெயின்போஸ்' என்பது.

'இன் ரெயின்போஸ்' எளிதில் தள்ளக்கூடிய எதிராளி அன்று. அதன் முதற்பாட்டு ஐந்தெண்ணும் தாளத்தில், நம் வழக்கில் சொன்னால் கண்டத்தில், கைதட்டல் போன்ற ஒலிகளோடு தொடங்கி, சற்று நேரம் கழித்துக் கிட்டார் மெல்ல நுழையும்போது அந்த ஐந்தின் நொண்டல் மறைந்து ஓட்டம் மட்டும் எஞ்சும். இப்படிச் செய்ய முடிந்த குழுக்கள் சில. ஆனால் அந்த ஆல்பம் ராக்கின் வீட்டுக்குள்ளேயே அறைகளைச் சீர்செய்கிறது. 'கலா' சுவரை இடிக்கிறது, அதுவும் ராக்கின் செங்கற்களைக் கையில் வைத்துக்கொண்டே. அதன் முதற்பாட்டில், அமெரிக்க ராக் பாடகர் ஜோனதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' பாட்டின் சொற்கள் 'தளபதி' (1991) படத்தில் இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் தாளத்தின்மீது ஏறி வருகின்றன. வேறொரு பாட்டு பிக்ஸீஸ் என்ற ராக் குழுவின் வரிகளை எடுத்தாள்கிறது. புகழ்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் சுழல்வது தி கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட பாட்டின் கிட்டார். ஆங்கிலேயக் குழு ஒன்று குடியேறிகளைப் பற்றிப் பாடிய அந்தப் பாட்டை, குடியேறியின் மகளே எடுத்துத் துப்பாக்கிச் சத்தத்தோடும் கல்லாப்பெட்டி ஓசையோடும் பதில்பாட்டாக ஆக்கிவிட்டாள்.

அதைவிட முக்கியமானது உறுமி. ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்து முனகலை எழுப்பும் இந்தக் கருவி, தமிழ்நாட்டில் கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் பொதுவானது. அமெரிக்க விசா கிடைக்காத நிலையில் நாடு நாடாகச் சென்று ஆல்பத்தை உருவாக்கிய எம்.ஐ.ஏ., சென்னையில் உறுமி மேளத்தைப் பதிவு செய்து 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' பாட்டுகளில் பயன்படுத்தினார். மேற்கத்திய ஆல்பங்களில் இந்தியக் கருவிகள் பெரும்பாலும் ஊறுகாயைப்போல இலையின் ஓரத்தில் வைக்கப்படுவதே வழக்கம். கிட்டாருக்குப் பின்னால் சிதார் கொஞ்சம், தபலா கொஞ்சம். இங்கோ உறுமிதான் சோறு. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் அது நின்று, டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை, அதாவது பாட்டை முன்னே தள்ளும் வேலையைச் செய்கிறது. அதன் முனகலோ கிட்டாரின் சிதைவொலி செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. வெள்ளையர் செவிக்கு இனிமையாக்கும் பொருட்டு அதன் கரகரப்பு குறைக்கப்படவும் இல்லை. ராக் தொடங்கிய காலத்தில் கறுப்பின மக்களின் தெருவோசை மின்கிட்டாருக்குள் புகுந்ததைப் போன்ற நிகழ்ச்சி இது. ராக் என்ற சொல்லுக்கு அதன் பிறப்பை ஒட்டிய பொருளைக் கொடுத்தால், அவ்வாண்டில் அச்சொல்லுக்கு மிகவும் உரியது இந்த ஆல்பமே.

குறைகளும் இல்லாமலில்லை. இடையில் சில பாட்டுகள் தாளத்தின் புதுமையை மட்டும் நம்பி நீள்கின்றன. கடைசிப் பாட்டு ஆல்பத்தின் உடம்போடு ஒட்டவில்லை. 100 புள்ளிகளைப் பகிரும் விதிப்படி பார்த்தால் 'கலா'வுக்கு 30, 'இன் ரெயின்போஸு'க்கு 25 என்ற அளவில்தான் இடைவெளி. ஆயினும் இடைவெளி இருக்கிறது. 2007இன் ராக் ஆல்பம் 'கலா'. மறுப்பவர்கள் மறுக்கட்டும், எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எந்த ஒலி தவறியது என்று காட்டி மறுக்கட்டும்.